மொட்டைமாடி மணி

"ஒண்ணாம் மாடிப் பொத்தானை அமுக்குனா மொட்டைமாடியில எதுக்குய்யா மணி அடிக்கி?" மூச்சிரைக்க ஹென்றியிடம் கேட்டார் ராசையா. வீட்டுச் சொந்தக்காரர். கனத்த உடம்பு. மணி எங்கே அடிக்கிறது என்று தேடி அத்தனை படியும் வீணாக ஏறி இறங்கியிருந்தார்.

ராயபுரத்தில் அவருடைய மூன்று மாடிக் கட்டிடத்துக்கு வாசல் ஒன்றுதான். கதவோரம், மூன்று மாடிக்கும் மொட்டைமாடி அறைக்குமாக நான்கு பொத்தான்கள். அமுக்கினால் அந்தந்த வீட்டில் மணி அடிக்கும். வீட்டுக்காரர் மேலிருந்தே விசையைத் தட்டினால் கீழே தாழ் விலகும். 1972-இல் அந்தத் தெருவுக்கே அது அதிசயம். ஹார்பர் வேலையை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியன் ஹென்றி தனியாக எடுத்த முதல் காண்டிராக்ட்.

மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒயர்ப் பெட்டியைத் திறந்தான். முதல் மாடி சாபிராவின் ஒயர், மொட்டைமாடிப் பெரியவர் அருள்பிரகாசத்தின் மணியோடு சேர்ந்திருந்தது.

"என் கையா இத்த பண்ணுச்சு?" என்று முனகிக்கொண்டே சரிசெய்தான்.

மறுநாள் சாபிராவின் ஒயரோடு இரண்டாம் மாடி கிருஷ்ணப்பனின் ஒயரும் அங்கே போயிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் டேப் சுற்றினான். அதற்கு மறுநாள் மூன்றாம் மாடி தேவகிருபை டீச்சரின் ஒயரும் சேர்ந்துகொண்டது. இப்போது எதை அமுக்கினாலும் மொட்டைமாடிதான்.

அருள்பிரகாசம் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருப்பா? எந்த வூடு?" என்று குரல் கொடுப்பார். மீன்காரியிடம் வஞ்சிரம் என்ன விலை என்பார். தபால்காரரை மேலே கூப்பிட்டு டீ கொடுப்பார். ராசையாவும் இன்னொரு முறை ஏறி, டீ குடித்துவிட்டுக் கோபமாக இறங்கினார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்!"

ஹென்றி மன்னிப்புக் கேட்க மொட்டைமாடிக்குப் போனான். பெரியவர் முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"மணி அடிச்சுக்கினே கீதே, பேஜாரா கீதா பெரியவரே?"

"அடிக்கட்டும் நைனா. நான் இன்னா கப்பலா ஓட்டிக்கினு கீறேன்?"

ஹென்றிக்கு அவமானமாக இருந்தது. தொழிலே மறந்துவிட்டதோ? சனிக்கிழமை மத்தியானம் எல்லா ஒயரையும் மறுபடி பிரித்து மாட்டிவிட்டு, மாடிப்படிக்குப் பின்னால் களைத்து உட்கார்ந்தான். திங்கட்கிழமை ஹார்பரில் போய்ப் பழைய வேலையையே கெஞ்சிக் கேட்பது என்று முடிவு செய்தபோது காலடிச் சத்தம் கேட்டது.

சாபிரா வந்தாள். காய் நறுக்கும் கத்தியால் பெட்டியின் திருகாணியைக் கழற்றத் தொடங்கினாள்.

"அக்கா! நீயா?"

"கத்தாத தம்பி, மேல கேக்கும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "சம்சாரம் செத்ததுலேந்து அந்த மனுசன் யாராண்டயும் பேசல. நாஷ்டா எடுத்துனு போனாக்கூடக் கதவத் தொறக்கல. மணி அடிச்சா, யாருன்னாவது கேப்பாரில்ல? கேட்டாரே!"

ஹென்றி எழுந்து வந்தான். ஸ்க்ரூ டிரைவரை அவளிடம் நீட்டினான்.

"கத்தி வாணாம், கைய கிழிச்சுடும். இத்த வெச்சுக் கயட்டு. ஆனா, ஒண்ணு போதாதாக்கா? மூணு ஒயரையும் இன்னாத்துக்கு மாத்துனே?"

சாபிரா விழித்தாள்.

"மூணா? அல்லா மேல சத்தியமா, நான் என் வூட்டு ஒயர மட்டுந்தான் மாத்துனேன்!"