அபாயம் அண்ணனின் பன்னிரண்டாவது பயம்

மட்டக்களப்பு வாவியின் எந்தக் கரையில் தேடினாலும் அபாயம் அண்ணனைப் போல் பயந்த ஒரு மனிதர் கிடைக்க மாட்டார். நுளம்புக்குப் பயந்தவர்களைக் கண்டிருக்கிறேன். நுளம்புத்திரிக்கும் சேர்த்துப் பயந்தவர் இவர் ஒருவர்தான்.

ஒரு நிறுவனத்தில் பத்தொன்பது வருடம் திட்ட அலுவலராக இருந்தார். திட்டம் முடிந்தது, வேலையும் முடிந்தது. வீட்டு முன்னறையில் சொந்தமாக ஆலோசனைத் தொழில் தொடங்கினார். ஒரு திட்டம் சரிவருமா வராதா என்று ஆராய்ந்து, சங்கங்களுக்கும் நிறுவனங்களுக்கும் அறிக்கை எழுதிக் கொடுக்கிற வேலை. எதைக் கேட்டாலும் "அதில ஒரு அபாயம் இரிக்கு மனே" என்று ஆரம்பிப்பதால் பெயரும் அதுவே ஆனது. முதல் வாரமே பெயர்ப்பலகை எழுதுவித்தார். அதைப் பார்த்து ஆட்கள் வந்துவிட்டால்? பலகையை வீட்டின் உட்பக்கம் பார்த்தபடி மாட்டினார்.

எதிர் வீட்டில் போட்டோகொப்பி, பைண்டிங் கடை வைத்திருப்பவன் நான். அவருடைய மனைவி, பள்ளிக்கூட டீச்சர், என் கடைக்கு வந்து தலையில் கை வைத்தார். "ஆக்கள் வராட்டியும் பயம், வந்தாலும் பயம். நான் என்ன செய்யிற தம்பி?"

கட்டணத்தை அவர் வாயால் சொன்னதே இல்லை. துண்டில் எழுதி, தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைத்துவிட்டு, கால் கழுவக் கிணற்றடிக்குப் போய்விடுவார். ஒருமுறை அரிசி ஆலை முதலாளி ஒருவர் அரை மணித்தியாலம் காத்திருந்து களைத்துப்போய் என்னைக் கூப்பிட்டார். "என்னகா, உங்கட ஆள் கிணத்துக்குள்ள விழுந்திட்டாரா?" ஓடிப்போய்ப் பார்த்தால், மனிதர் இன்னும் கால் கழுவுகிறார்.

"அண்ணன், அவர் ஓம் எண்டிட்டார். வாயத் திறந்து சொன்னா என்ன?"

"எங்கட மண்டூர்க் கோயில்ல வாயைக் கட்டிக்கொண்டுதானே பூசை செய்யிற? நானும் அப்பிடித்தான் மனே."

இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒவ்வொரு வேலையிலும் தனக்குள்ள பயங்களை எல்லாம், என் கடை வாங்கில் குந்திக்கொண்டு, ஒரு மஞ்சள் தாளில் இலக்கம் போட்டு எழுதுவார். எழுதினால்தான் நெஞ்சிடி குறையுமாம். அறிக்கை கொடுத்த கையோடு அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிடுவார். டீச்சருக்குக்கூடக் காட்டியதில்லை.

அப்படியிருக்க, அவருக்கு முதன்முதலாக ஒரு பெரிய வேலை வந்தது. மண்டூருக்கு அப்பால் ஒரு வாவிக்கரை ஊர். அங்குள்ள மீனவர் சங்கத்துக்கு ஒரு நிறுவனம் ஐஸ் அறை கட்டிக் கொடுக்க விரும்பியது. அது தேவையா என்று அண்ணன் சொல்ல வேண்டும். நிறுவனத்துக்கு 'ஓம்' என்ற பதில்தான் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். இது பிழைத்தால் வேறு எந்த நிறுவனமும் அவரைக் கூப்பிடாது. நடுங்கி நடுங்கி நாற்பது பக்கத்துக்கு, ஓமா இல்லையா என்று யாருக்கும் விளங்காதபடி ஓர் அறிக்கை எழுதினார்.

பதினைந்து பிரதி அடித்து, சுருள் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். காலையிலேயே பஸ் ஏறிவிட்டார். ஒரு மணித்தியாலம் கழித்து, யாரோ அடையாள அட்டைப் பிரதி கேட்க, மெஷின் மூடியைத் தூக்கினேன். கண்ணாடியில் மஞ்சள் தாள்.

வாங்கில் கிடந்ததை அறிக்கையோடு சேர்த்து அள்ளியிருக்கிறேன். கடைசிப் பக்கமாக அதையும் பிரதி எடுத்து, பதினைந்திலும் கட்டியிருக்கிறேன். தாளைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளைக் குருமண்வெளித் துறைக்கு விரட்டினேன். வாவியைக் கடக்க 'பாதை'தான். வாகனங்களையும் ஏற்றும் அந்த மிதவை என்றைக்குத்தான் அவசரப்பட்டிருக்கிறது? அண்ணனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. போன் அடித்தால் அதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர் அவர். ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்ற பயத்தில், தண்ணீருக்கு நடுவில் மறுபடியும் மறுபடியும் போன் அடித்தேன்.

சங்க மண்டபத்து வாசலை நான் அடைந்தபோது, தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்.

"நாலு. இந்தக் கரையில் காலை எட்டு மணிக்கே மீன் முழுவதும் விற்றுவிடுகிறது. ஐஸ் அறையில் எதை வைப்பார்கள்? ஐந்து. அறையின் பூட்டும் திறப்பும் தலைவரின் மருமகனிடம் போகும்." தலைவர் ஒருமுறை செருமிவிட்டுத் தொடர்ந்தார். "ஆறு. இதையெல்லாம் சொன்னால் எனக்கு இனி வேலை கிடைக்காது."

அண்ணன் யன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். முகத்தில் இரத்தம் இல்லை. நிறுவனத்து அதிகாரி தன் பிரதியின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பின்வரிசையில் மீன் விற்கும் பெண் ஒருத்தி எழும்பினாள்.

"அது உண்மதானேகா! எட்டு மணிக்குப் பிறகு இஞ்ச மீன் எங்க இரிக்கு? நாங்க வெயிலுக்க நிண்டு விக்கிற. எங்களுக்கு ஒரு கூரதான் வேணும். இத ஒருத்தரும் வந்து கேக்கல்ல."

அதிகாரி அண்ணனைப் பார்த்தார். "நாப்பது பக்கத்தில இல்லாதது இந்த ஒரு பக்கத்தில இரிக்கு. இத ஏன் முன்னுக்கு வைக்கல்ல?"

"பயம், சேர்" என்றார் அண்ணன். அவர் வாய் திறந்து சொன்ன மிகத் துணிச்சலான வார்த்தை அதுதான்.

இன்று அந்தக் கரையில் மீன் விற்கக் கூரை போட்டிருக்கிறார்கள். அண்ணனைத் தேடி வருகிறவர்கள் எல்லாம் "அந்தப் பயப் பக்கத்தையும் சேர்த்துத் தாங்க" என்றுதான் கேட்கிறார்கள். தொழில் ஓகோவென்று நடக்கிறது. பலகை இன்னும் உட்பக்கம்தான் பார்க்கிறது.

அன்று தலைவர் ஆறோடு நிறுத்தவில்லை; மிச்சத்தையும் வாசித்தார். கடைசியில் ஒரு வரி இருந்தது. அதை வாசித்ததும் மண்டபமே திரும்பி, சட்டைப்பையில் மஞ்சள் தாள் தெரிய வாசலில் நின்ற என்னைப் பார்த்தது.

"பன்னிரண்டு. எதிர்க்கடைத் தம்பி அவசரக்காரன். இந்தத் தாளையும் சேர்த்துக் கட்டிவிடக்கூடும். ஆனாலும் வேறு கடைக்குக் கொடுக்க மனம் வரவில்லை."

இப்போதெல்லாம் அவருடைய வேலை வந்தால், மெஷின் மூடியை இரண்டு தடவை தூக்கிப் பார்க்கிறேன். அந்த மனிதர் வேறு கடைக்குப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம்.