நின்றபடி தூங்கிய பாய்லர்காரர்

படித்தவன் கையில் புதுக் கருவி ஒன்று கிடைத்தால், எதிரே நிற்கும் மனிதனைக்கூட நம்ப மாட்டான். நான் எம்.எஸ்ஸி. வேதியியல். (ஆகவே கொஞ்சம் கூடுதலாகவே நம்பவில்லை.)

அருள்புரத்துச் சாயப்பட்டறை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். தூக்கக் கலக்கத்தில் யாராவது பாய்லரை ஓட்டினால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அப்போதுதான் அந்த விரிப்பு வந்தது. மெத்தைக்கு அடியில் போட்டால் போதும். உடம்பில் ஒயர் கிடையாது, ஊசி கிடையாது. மூச்சையும் நாடித்துடிப்பையும் உணர்ந்து, யார் எப்படித் தூங்குகிறார் என்று என் டேப்லெட்டில் காட்டிவிடும். தூக்கம் போதாதவருக்கு அன்று ஆபத்தில்லாத வேலை கொடுக்கலாம். சந்தோஷத்தில் எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

தொழிலாளர் விடுதிப் பதிவைப் பார்த்து, கட்டிலுக்கு ஒரு பெயர் போட்டு நானே விரித்தேன். தொழிலாளர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் நடிப்பார்களாம். (தூங்கும்போது எப்படி நடிப்பது என்று யோசிக்கவில்லை.)

மறுநாள் முற்பகல், முதலாளிக்கு டேப்லெட்டைக் காட்டினேன். பாய்லர் ஓட்டும் சுடலைமுத்துவின் பெயருக்கு எதிரே 'ஆழ்ந்த தூக்கம்' என்று வந்தது.

"ஏனுங்க, அவரு இப்ப டூட்டியிலதானுங்க இருக்கோணும்?" என்றார் முதலாளி.

இருவரும் ஓடினோம். சுடலைமுத்து அடுப்புக்குள் விறகு தள்ளிக்கொண்டிருந்தார். தென்காசிக்காரர், எங்களைக் கண்டதும் கும்பிட்டார்.

"சுடலை, நீங்க இப்ப தூங்கிட்டு இருக்கீங்க" என்றேன்.

"நானா? நின்னுக்கிட்டுல்லா இருக்கேன் சார்."

"கண்ணத் தொறந்துட்டே தூங்கறது உண்டுங்க. தூங்கறவருக்கே தெரியாது" என்றேன் முதலாளியிடம்.

"தூங்குதவன் ஒங்ககூட எப்படி சார் பேசுவான்?"

டேப்லெட்டைப் பார்த்தேன். அப்போதும் ஆழ்ந்த தூக்கம். "பேசப் பேச இன்னும் ஆழமாப் போறாருங்க" என்று முதலாளியின் காதில் சொன்னேன்.

இனி பாய்லர் பக்கமே வர வேண்டாம் என்று சுடலைமுத்துவை அனுப்பச் சொன்னதும் நான்தான். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு, "வேலை போச்சுன்னு வீட்ல என்ன சார் சொல்ல?" என்று கேட்டார். நான் டேப்லெட்டைத்தான் பார்த்தேன்.

பாய்லரைக் கவனிக்க ஆள் வேண்டுமே. ராத்திரி ஷிப்ட் ஓட்டும் பிகாஷை எழுப்ப விடுதிக்குப் போனோம். அவர் சுடலைமுத்துவின் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கட்டில் பற்றாததால் இருவருக்கும் அது ஒன்றுதான். ஒருவர் வேலைக்குப் போனால் மற்றவர் வந்து படுப்பார். அந்தப் பட்டறையில் எனக்கு மட்டும்தான் இது தெரியாது.

"க்யா ஹுவா சார்?" என்று, என்ன ஆயிற்று என்பதை இந்தியில் கேட்டபடி பிகாஷ் எழுந்து உட்கார்ந்தார்.

'சுடலைமுத்து விழித்துவிட்டார்' என்றது டேப்லெட்.

முதலாளி என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள். பைக்குள் துணிமணியை அடைத்துக்கொண்டிருந்த சுடலைமுத்துவிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "கட்டிலுக்கு அடியில என்னத்தையோ வைக்கப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ரெண்டு பேரு படுக்கோம்னு நான் சொல்லியிருப்பேம்லா?" என்றார். அந்த வார்த்தை இன்றும் உறுத்துகிறது.

அவர் வேலைக்குத் திரும்பினார். அதன்பின் ஆளுக்கொரு கட்டில் வந்தது. விரிப்பும் கேட்ட பிறகே, சம்மதித்தவர்களுக்கு மட்டும்.

வீட்டில் நான் இப்போது எதையாவது அடித்துப் பேசினால், "அவரு தூங்கிட்டு இருக்காருங்க, எழுப்பாதீங்க" என்கிறாள் மனைவி. பேத்தி ஓடிப்போய்த் தலையணையை எடுத்துவந்து, நின்றுகொண்டிருக்கும் என் கையில் கொடுக்கிறாள்.