இதில ஆர் அப்பா?

கோபக்காரர்கள் எல்லோரும் தங்களை நியாயவாதிகள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான். இருபது வயதில், மிகவும் நியாயமான ஒரு கோபத்தோடு என் தங்கை நிவேதாவின் பள்ளிக்கூடத்துக்குப் போய், அவளுடைய வாழ்க்கையில் ஒரு வருடத்தை எடுத்துக் குப்பையில் போட்டேன். வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.

இந்தக் கோபம் அதற்குப் பத்து வருடம் முந்தியது. ஜெர்மனியில் நாலாம் வகுப்பு முடியும்போதே பிள்ளைகளைத் தரம் பிரித்துவிடுவார்கள். பல்கலைக்கழகம் போகக்கூடியவர்கள் என்று நினைக்கிற பிள்ளைகள் ஜிம்னாசியம் என்ற பள்ளிக்கூடத்துக்கு, மற்றவர்கள் வேறு பள்ளிக்கூடங்களுக்கு. பத்து வயதுப் பிள்ளைக்குப் பால்பல்லே முழுதாக விழுந்திருக்காது, அதற்குள் அது என்னவாக வரும் என்று இவர்களுக்குத் தெரிந்துவிடும். (சாத்திரக்காரன்கூடப் பிறந்த நேரம் கேட்பான்.) வகுப்பில் கணக்கில் முதலாவதாக நின்ற என்னைப் பற்றி என் ஆசிரியை, 'உங்கள் மகளுக்கு ஜிம்னாசியம் பாரமாக இருக்கும்' என்று எழுதி அனுப்பினார். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் விமானம் துப்புரவாக்கும் வேலை முடித்து வந்திருந்த அப்பா, "எங்க கையெழுத்து வைக்கிறது, பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். நான் இடத்தைக் காட்டினேன். கையெழுத்து வைத்தார். மறுத்து எழுதலாம் என்பது அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்தக் கையெழுத்தைச் சுற்றிக்கொண்டு, பள்ளிக்கூடம் மாறி, வகுப்பு மாறி, நான் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தது வேறு கதை. ஆனால் அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். இனி இந்த வீட்டில் அப்பாவின் கையெழுத்தை அப்பாவிடம் விட்டுவைக்கக் கூடாது.

இங்கே எங்களுடைய ஆட்களின் வீடுகளில் மூத்த பிள்ளை என்பது பிள்ளை இல்லை, கந்தோர், ஒரு முழு அலுவலகம். டொக்டரிடம் மொழிபெயர்ப்பது, வீட்டுக்காரனுக்குக் கடிதம் எழுதுவது, எந்த அன்ட்ராக்கை, அதாவது விண்ணப்பத்தை, எங்கே கொடுப்பது என்று அறிந்து வைத்திருப்பது எல்லாம் அதன் வேலை. நான் கூடுதலாக அப்பாவாகவும் வேலை பார்த்தேன். அப்பாவுக்கும் அது சுகமாகத்தான் இருந்தது. "நீயே போடு பிள்ளை, உனக்குத்தானே வாசிக்கத் தெரியும்" என்பார்.

நிவேதா ஜிம்னாசியத்துக்குத்தான் போனாள். (நான்தான் மறுப்புக் கடிதம் எழுதி அனுப்பினேன். பதினாலு வயதில். அப்பாவாக.) அவளுக்குப் பதினாறு ஆனபோது பாடத் தெரிவுத் தாள் வந்தது. கடைசி இரண்டு வருடமும் என்னென்ன படிப்பது, அபிட்டூர் என்ற இறுதிப் பரீட்சையில் எதெதை எழுதுவது என்று முன்கூட்டியே நிரப்பிக் கொடுக்க வேண்டும். அதில் இரண்டு பாடம் பிரதானம். லைஸ்டுங்ஸ்கூர்ஸ் என்பார்கள். அவற்றின் புள்ளி இரண்டு மடங்காகச் சேரும். பதினைந்துக்கு ஐந்துக்குக் கீழே போனால் விழுந்த கணக்கு. அப்படிப் பலதரம் விழுந்தால் பரீட்சைக்கே விடமாட்டார்கள்.

நிவேதா அந்தத் தாளில் பென்சிலால், சின்னதாக, 'சித்திரம், ஆங்கிலம்' என்று எழுதி வைத்திருந்தாள். நான் அழிறப்பரை எடுத்து அழித்தேன். பேனையால் 'கணிதம், பௌதிகம்' என்று எழுதினேன். அவளிடம் கேட்டேனா என்று கேட்கிறீர்களா? ஏன் கேட்க வேண்டும்? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கத் தொடங்கி முழுதாக மூன்று மாதம் ஆகியிருந்தது.

தாளைப் பார்த்த பொறுப்பாசிரியர் ஒரு டெர்மின் கொடுத்து, நாளும் நேரமும் குறித்துக் கூப்பிட்டார். அம்மாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு தடித்த கோப்பைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். அப்பாவுக்குப் பதிலாக நான் வருவதற்கு அப்பா சம்மதிக்கிறார் என்று ஒரு கடிதமும் கையில் இருந்தது. அதை எழுதியவளும் நான், கையெழுத்து வைத்தவளும் நான்.

பொறுப்பாசிரியர் நரைத்த, களைத்த மனிதர். தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பௌதிகத்தில் உங்கள் தங்கைக்கு ஆறு புள்ளி. சித்திரத்தில் பதினாலு. சித்திரத்தைப் பிரதான பாடமாக எடுப்பதுதான் நல்லது என்று நினைக்கிறேன்."

அவ்வளவுதான் சொன்னார். என் காதில் விழுந்தது வேறு. தமிழ்ப் பிள்ளைக்குப் பௌதிகம் பாரம், மூலையில் இருந்து படம் கீறட்டும் என்று விழுந்தது. எனக்குக் கண் மண் தெரியவில்லை. எழும்பி நின்றேன். கதிரை பின்னால் விழுந்தது. நாலாம் வகுப்பிலிருந்து சேர்த்து வைத்த ஜெர்மன் சொல் அத்தனையையும் அந்த மனிதரின் மேசையில் கொட்டினேன். பத்து வயதில் பிள்ளைகளின் தலையெழுத்தை எழுதுகிற நாடு என்றேன். எங்களுடைய பெயரைப் பார்த்துத்தான் புள்ளி போடுகிறீர்கள் என்றேன். விமானத்தைத் துப்புரவாக்குகிறவனின் பிள்ளை விமானத்தை வடிவமைக்கக் கூடாதா என்று கேட்டேன். (இந்த வசனத்தை வரும் வழியில் ரயிலில் இருந்து யோசித்து வைத்திருந்தேன்.) பக்கத்தில் இருந்த நிவேதா என் கோட்டின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, நான் ஒண்டு சொல்லட்டோ?"

"நீ பேசாம இரு. உனக்காகத்தான் கதைக்கிறன்."

மனிதர் எழும்பி வந்தார். கதிரையைத் தூக்கி நிமிர்த்தி வைத்துவிட்டு, நிவேதாவைப் பார்த்து, "உனக்கும் இதுதான் விருப்பமா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எப்படி ஆட்டுவாள்? அவர் தாளை ஏற்றுக்கொண்டார். நான் பிட்டுச் சாப்பிடப் போனேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் எல்லாம் சுமுகமாகப் போனது என்றுதான் நான் நினைத்திருந்தேன். 'படிப்பு எப்பிடிப் போகுது?' என்றால் 'பரவாயில்லை' என்பாள். ஒருநாள் வேலையில் நின்ற அப்பாவின் கைத்தொலைபேசிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து நேரடியாக அழைப்பு வந்தது. ஆரோ செத்துப்போனார்கள் என்று அப்பா பயந்துவிட்டார். அடுத்த நாள் பத்து மணிக்கு அப்பா கட்டாயம் நேரில் வர வேண்டும், பிள்ளைகளும் வரட்டும் என்றார்களாம். கடிதம் அனுப்பாமல் ஏன் தொலைபேசி எடுத்தார்கள் என்பது அங்கே போனபோது விளங்கியது. அனுப்பிய கடிதங்களுக்கெல்லாம் அப்பா ஒழுங்காகப் பதில் எழுதியிருந்தார்.

அதே அறை, அதே மனிதர். அப்பா வேலைக்குப் போகிற மஞ்சள் உடுப்போடு வந்திருந்தார். மேசையில் தாள்களை வரிசையாக அடுக்கினார் பொறுப்பாசிரியர். முதலில் பாடத் தெரிவுத் தாள். அடுத்தது நான் கொண்டுபோன சம்மதக் கடிதம். பிறகு பௌதிகச் சோதனைத் தாள்கள், ஒவ்வொன்றின் அடியிலும் பெற்றோர் பார்த்ததற்கான கையெழுத்தோடு. இரண்டு புள்ளி. மூன்று புள்ளி. ஒரு புள்ளி. கணிதமும் அப்படியே. கடைசியாக, அப்பா எழுதிய இரண்டு பதில் கடிதங்கள். 'மகளோடு கடுமையாகப் பேசியிருக்கிறேன், இனிக் கவனமாகப் படிப்பாள்.'

"இது உங்கள் கையெழுத்தா?"

அப்பா ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நிவேதாவைப் பார்த்தார். பிறகு தன்னுடைய விமான நிலைய ஜெர்மனில், "ஓம், என்னுடையது. இதுவும் என்னுடையது. எல்லாம் என்னுடையதுதான்" என்றார்.

அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் தப்பியிருப்போம். கூட்டத்துக்கு வந்ததற்கு ஒரு கையெழுத்து வைக்கச் சொல்லி அவர் ஒரு தாளை நீட்டினார். அப்பா பேனையை வாங்கி, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, அழகாகத் தமிழில் கையெழுத்து வைத்தார். அப்பாவின் கையெழுத்து எப்போதும் தமிழில்தான். அதை நான் மறந்தே போயிருந்தேன். பத்து வயதில் எனக்குத் தமிழ் எழுத வராததால், அப்பாவுக்கு ஒரு ஜெர்மன் கையெழுத்தை நானே உண்டாக்கியிருந்தேன். நிவேதா அதைப் பார்த்துப் பழகி, சித்திரக்காரி என்பதால் சோதனைத் தாள்களிலும் பதில் கடிதங்களிலும் என்னைவிடத் திறமாகப் போட்டிருந்தாள்.

பொறுப்பாசிரியர் மூன்று கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். பிறகு, மிகவும் மரியாதையாக, எங்கள் மூன்று பேரையும் பார்த்துக் கேட்டார்: "மன்னிக்க வேண்டும். இதில் யார் அப்பா?"

பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை. ஜெர்மனியில் நிலம்கூட அன்ட்ராக் போடாமல் ஒன்றும் செய்யாது. நான் வாயைத் திறந்தேன். எனக்கு முதல் நிவேதா பேசினாள். ஜெர்மனில், நடுங்காமல், அவரைப் பார்த்து: ஒரு வருடம் பின்னால் போய் இதே வகுப்பைத் திரும்பப் படிக்கிறேன். திரும்பவும் பாடம் தெரிவு செய்ய வேண்டும். இந்த முறை தாளை நானே நிரப்புவேன். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

"நீ உன்ர நாலாம் வகுப்பு டீச்சரோடதான் சண்டை பிடிச்சனீ, அக்கா. அவ இஞ்ச இருக்கேல்லை. நான்தான் இருந்தனான்."

அந்த ஆசிரியை மேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது, அதை நான் விடப்போவதில்லை. ஆனால் இந்த மனிதர் என் தங்கையின் பக்கம் நின்றவர். பத்து வயதில் என் பக்கம் அப்படி ஒருவர் நிற்கவில்லை என்ற எரிச்சலில், அவள் பக்கம் நின்றவரோடு நான் மல்லுக்கட்டினேன். அந்த இருபது வயதுக்காரி இப்போது என் முன்னால் வந்தால், கோட்டைக் கழற்றச் சொல்லி இரண்டு கன்னத்திலும் அறைவேன்.

நிவேதா தன் கூட்டாளிகள் எல்லோரும் அபிட்டூர் முடித்துப் போன பிறகு, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு ஒரு வருடம் இருந்து படித்தாள். சித்திரத்தில் பதினைந்துக்குப் பதினைந்து. பிறகு டார்ம்ஸ்டாட்டில் வடிவமைப்புப் படித்தாள். எங்கள் வீட்டிலோ, கார் வாங்குவதா, சுவருக்கு நிறம் அடிப்பதா, எதில் நான் வாயைத் திறந்தாலும் ஆராவது ஒருவர், "மன்னிக்க வேணும், இதில ஆர் அப்பா?" என்பார்கள். அப்பா இந்தக் கதையைப் பிறந்தநாள், கலியாணம், செத்தவீடு என்று பாராமல் சொல்லுவார். கண்ணாடி துடைக்கிற இடத்தை நடித்தும் காட்டுவார். அந்தப் பகிடிக்கு நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன வருடம் அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளிலும் சொன்னார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நிவேதா ஒரு கிண்ணத்தில் பாயசத்தை அள்ளிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "எனக்கு ஒரு வருசம் போச்சுது. உங்களுக்கு ஒரு பகிடி கிடைச்சுது."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு, அடுத்ததை அள்ளப் போனாள்.

இப்போதெல்லாம் அப்பா கதையை அந்த வசனத்தோடுதான் முடிக்கிறார். கேட்கிறவர்கள் அந்த இடத்தில்தான் கூடுதலாகச் சிரிக்கிறார்கள், நிவேதாவும் சிரிக்கிறாள். எனக்கு மட்டும் இன்னும் சிரிப்பு வரவில்லை.