ஒரு தாடைக்கு இரண்டு பெயர்

நம்மிடையே 'அது வேற' ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் "மழை" என்றால் அவர் "இது தூறல், மழை வேற" என்பார். தலைவலி என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களோ, மாத்திரை தரமாட்டார். இடப்பக்கமா வலப்பக்கமா, குத்துகிறதா இடிக்கிறதா என்று விசாரித்து, அது தலைவலியே இல்லையென்று தீர்ப்புச் சொல்லி அனுப்புவார். வலி என்னவோ போகாது.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரை எனக்குத் தெரியும். அருங்காட்சியகத்தில் எலும்புப் பிரிவுக்கு அதிகாரி. முதுகில் கோடும் கன்னத்தில் பையுமாக ஓடுகிற சிப்மங்க் என்ற சின்னப் பிராணி இருக்கிறதே, அதுதான் அவருக்கு உயிர். தெரியாத்தனமாக "அணில்தானே சார்?" என்று கேட்டுவிட்டேன். அன்று மதியச் சாப்பாடு போயிற்று. அணில் குடும்பம்தானாம், ஆனால் அணில் வேற, சிப்மங்க் வேற. எல்லாச் சிப்மங்கையும் ஒரே பேரினத்தில் அடைப்பவர்கள் சோம்பேறிகள், மூன்றாகப் பிரிப்பவர்களே மனிதர்கள். புதைபடிவம் என்று வந்தால் முழு எலும்புக்கூடா கிடைக்கிறது, குருணை அளவுப் பல்லை வைத்துக்கொண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய சொந்தபந்தத்தைக் கண்டுபிடிக்க வேண்டாமா?

கண்டுபிடித்தார். ஒரே மூட்டை மண்ணைச் சலித்ததில் இரண்டு தாடைத் துண்டுகள் கிடைத்தன. போன வருஷம் முதல் துண்டைப் புது இனமென்று அறிவித்து, வீட்டில் நல்ல பெயர் வாங்க மாமியார் பெயரை வைத்தார். மனைவி மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பதறிப்போய், இரண்டாவது துண்டு வேறு இனம் என்று இந்த வருஷம் நிரூபித்து, அதற்கு மனைவி பெயரை வைத்து, பலகை மாட்டி, திறப்பு விழாவுக்கு இருவரையும் அழைத்துவந்தார்.

உடைந்த எலும்புகளை ஒட்டும் பெண்மணி, கண்ணாடிப் பெட்டியில் அடுக்குவதற்காக இரண்டு துண்டுகளையும் எடுத்தவர், சும்மா இருக்காமல் சேர்த்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தின.

"சார், இது ஒரே தாடை. நடுவுல உடைஞ்சிருக்கு."

"அது வேற, இது வேறம்மா!"

"ஒட்டிக் காட்டட்டுமா?"

ஒட்டினால் ஒரே பிராணி, ஒரே பெயர். முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். அந்தத் துறையின் சட்டம் அப்படி. மனைவிக்கும் அந்தச் சட்டம் தெரியும்.

"அப்ப எங்கம்மா பேரு நிக்கும், என் பேரை அழிச்சிடுவீங்க. அப்படித்தானே?"

மாமியார் மாப்பிள்ளையை விட்டுக்கொடுக்கவில்லை. "விடுடி. பல்லைப் பார்த்ததும் அவருக்கு என் ஞாபகம்தான் வந்திருக்கு, பாவம்."

அவர் ஒருமுறை மனைவியைப் பார்த்தார், ஒருமுறை தாடையைப் பார்த்தார். "ஒட்ட வேணாம்மா. பசை பட்டா எலும்பு கெட்டுடும்."

இன்றும் அந்தத் துண்டுகள் கூடத்தின் இரண்டு மூலைகளில், இரண்டு பலகைகளோடு இருக்கின்றன. வீடு அமைதியாக இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். உங்கள் பிள்ளை கண்ணாடியை உடைத்தால் குறும்பு, அடுத்த வீட்டுப் பிள்ளை உடைத்தால் திமிர் என்று நீங்களும் இரண்டு பலகை மாட்டியவர்தானே?

யாரது, 'அது வேற' என்று முணுமுணுத்தது?