கர்த்தர் தந்த லீஸ் கார்

யாரும் கேட்காமலேயே நான் சொன்ன பொய் ஒன்று உண்டு. சொன்ன இடம் சிவகாசியில் எங்கள் ஆலய வாசல். சொன்ன நாள் ஞாயிற்றுக்கிழமை. (இடமாவது பார்த்துச் சொல்லியிருக்கலாம்.)

நான் கணக்கு டீச்சர். கணவர் டேவிட் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். காரை வாங்குவதா, லீசுக்கு எடுப்பதா என்று வீட்டில் ஒரு மாதம் பட்டிமன்றம் நடந்தது. வாங்கும் அணிக்கு அவர், லீஸ் அணிக்கு நான், நடுவரும் நானே.

"பழசா இருந்தாலும் வாங்கிருவோமே ஸ்டெல்லா."

"லீசுன்னா மாசாமாசம் வாடகை கட்டி மூணு வருசம் ஓட்டிட்டுத் திருப்பிக் குடுத்துரலாம். ரிப்பேரெல்லாம் கம்பெனிக்காரங்க பாடு."

"நாம வீட்டை ஒத்திக்குப் பிடிச்சமே, அது மாதிரியா?"

"ஒத்தின்னா கடைசியில காசு திரும்பி வரும். இதுல கார் திரும்பிப் போயிரும்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. (கேட்டிருக்கலாம்.)

மதுரைக் கம்பெனி ஒன்றிலிருந்து வெள்ளைக் கார் வந்தது. முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், "என்ன டீச்சர், கார்லயா வந்தீக?" என்று எங்கள் தெரு நர்சம்மா கேட்டார். 'ஆமா' என்றால் முடிந்தது. "ஆமா, வாங்கிட்டோம். சொந்தமா!" என்றேன். அந்தச் 'சொந்தமா' என் வாயில் எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை.

செய்தி என் அண்ணன் ஜெபராஜ் காதுக்குப் போனது. வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். தீப்பெட்டி ஆபீசுக்கு நடந்தே போய்வந்த அப்பா அம்மாவின் பிள்ளைகள் நாங்கள். குடும்பத்தில் முதல் கார் இது. அண்ணனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு காருக்கு ஜெபம் பண்ணப் போதகரிடம் சொல்லி வைத்துவிட்டார். நான் சுதாரிப்பதற்குள் காரின் பின் கண்ணாடியில் 'கர்த்தர் தந்தது' என்று ஸ்டிக்கரும் ஒட்டியாயிற்று. (தந்தது மதுரைக் கம்பெனி, அதுவும் மூன்று வருடத்துக்கு.) போதகர் பானெட்டில் கை வைத்து, "இந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாய்க் கொடுத்த வாகனத்துக்காக ஸ்தோத்திரம்" என்றார். 'சொந்தமாய்' மட்டும் மூன்று முறை வந்தது. என் ஆமென் எனக்கே கேட்கவில்லை. டேவிட் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

ஜெபம் முடிந்ததும் அண்ணன் ஆளுயரச் சரவெடியைக் காருக்கு முன்னால் விரித்தார்.

"அண்ணே, வெடி வேண்டாம்ண்ணே. பெயிண்ட் போயிரும்."

"ஏ புள்ள, வெடிக்குள்ளயே கெடக்கவன் நான். எம்புட்டுத் தூரம் விடணும்னு எனக்குத் தெரியாதா?"

உண்மையில் இருபது அடி தள்ளித்தான் போட்டிருந்தார். வெடித்து முடிந்ததும் எல்லோரும் கைதட்ட, டேவிட் காரைக் கம்பீரமாக ஓட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஓட்டப் பழகி ஒரு மாதமே ஆன அவர், இன்ஜினைப் போட்டு உள்ளே தயாராக இருந்தார்.

முதல் வெடி வெடித்தது. இன்ஜின் ரிப்பேர்தான் கம்பெனி பாடு, சின்னக் கீறல் விழுந்தாலும் நாங்கள்தான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்ட காகிதம் என் கண்முன் வந்து நின்றது.

"ஐயோ, நிறுத்துங்க! அது நம்ம கார் இல்ல!"

டேவிட்டுக்குக் கேட்டது 'ஐயோ' மட்டும். பதறிப்போய் ரிவர்ஸ் போட்டார். கார் நேராகப் பின்னால் போய் ஆலயத்தின் கேட் தூணில் மோதி நின்றது. சரவெடி பாட்டுக்கு வெடித்து முடிந்தது. ஒரு பொறிகூடக் காரில் விழவில்லை.

புகை விலகியபோது சபை முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்ப யாரு கார்ம்மா இது?" என்று போதகர் மெதுவாகக் கேட்டார்.

அண்ணன் என் காதருகே குனிந்தார். "ஏ ஸ்டெல்லா, களவாங்குனதா?"

அங்கேயே நின்று லீஸ் என்றால் என்ன என்று சபைக்குப் பாடம் நடத்தினேன். "வாடகைக் காருக்கா இம்புட்டு வெடி!" என்றார் நர்சம்மா. அண்ணன் நசுங்கிய இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சொல்லிருந்தா திட்டவா போறேன்? நம்ம அப்பா அவசரத்துக்குச் சைக்கிளையே வாடகைக்குத்தான எடுத்தாரு?"

தூணில் மோதியபோது வராத அழுகை அப்போது வந்தது.

மதுரையிலிருந்து வந்த கம்பெனி ஆள் நசுங்கலைவிட ஸ்டிக்கரைத்தான் அதிக நேரம் பார்த்தார். பேசிப் பேசி, கடைசியில் நசுங்கலுக்குத் தண்டம் கட்டுவதற்குப் பதில் அந்தக் காரையே நாங்கள் விலைக்கு வாங்கிக்கொண்டோம். ஒரு மாதப் பட்டிமன்றத்துக்குத் தீர்ப்புச் சொன்னது கேட் தூண்தான்.

இரண்டு வருடம் கழித்து எங்களுக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் அவளைக் கையில் வாங்கிய அண்ணன், அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்: "ஏ ஸ்டெல்லா, இது சொந்தந்தான? திருப்பிக் குடுக்க வேண்டாம்ல? கேட்டுக்கிட்டு வெடியைப் போடுதேன்."

தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மகளுக்கு இப்போது ஐந்து வயது. நான் அதட்டினால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்கிறாள்: "என்னையத் திருப்பிக் குடுக்க முடியாதும்மா. மாமா அன்னைக்கே கேட்டுட்டாக."