மாமனாருக்கு ஒரு கடல்

டோமினிக் கடலைத் தொட்டுப் பார்த்தான். விரல் நீலமாக வந்தது.

"இன்னும் காயலையா?" என்றாள் மெர்லின்.

"காஞ்சிடும். தண்ணியே காயுது, எண்ணெய் காயாதா?"

மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரியாக இருப்பவன் வேறெப்படி யோசிப்பான்? உப்பைக் குவிக்கிற பழக்கத்தில் அலை நுரைக்கும் வெள்ளையை அம்பாரமாகக் குவித்திருந்தான். குயிலாப்பாளையத்தில் ஆயில் பெயின்ட்டிங் வகுப்பு எடுக்கும் ரேகா, "பார்த்தா நிஜக் கடல் மாதிரியே இருக்கணும் சார்" என்று சொல்லித்தொலைத்திருந்தாள்.

மறுநாள் காலை புது வீட்டை மந்திரிக்க ஃபாதர் வருகிறார். டோமினிக்கின் பயம் அவரை நினைத்து இல்லை. மாமனார் சவரிமுத்துவும் வருகிறார். கடலையும், வருஷந்தோறும் தன் கையாலேயே பெயின்ட் அடிக்கும் படகையும் தவிர வேறெதையும் மதிக்காத மனுஷன். மகள் மெர்லின் ஓர் உப்பளத்துக்காரனைக் காதலித்துக் கட்டிக்கொண்ட நாள் முதல் மருமகனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. கடலை வரைந்து வைத்தாலாவது வாய் திறக்க மாட்டாரா என்ற நப்பாசையில்தான் டோமினிக் பிரஷ்ஷையே கையில் எடுத்தான்.

ரேகாவுக்கு போன் போட்டான்.

"நீங்க அப்பியிருக்கிற கனத்துக்கு ஒரு மாசமாவது ஆகும் சார்."

டேபிள் ஃபேனைப் படத்தின் பக்கம் திருப்பினான். கட்டட வேலையில் மிஞ்சிய மணல் மூலையிலிருந்து கிளம்பி வானத்தில் ஒட்டிக்கொண்டது. துணியால் துடைத்தான். வானம் கடலுக்குள் இறங்கியது. பதறிப்போய் நீலத்தை இன்னும் கனமாக அப்பினான்.

"முன்ன இருந்ததே தேவலைங்க."

"சும்மா இரு. உப்பளத்துக்கு எடுத்துனு போலாம். அங்க காயாத பொருளே கிடையாது."

பைக்கில் மெர்லின் பின்னால் உட்கார்ந்து கடலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உப்பளத்தில் வெயில் இருந்தது, காற்றும் இருந்தது. காற்றோடு உப்பும் இருந்தது. திரும்பி வரும்போது ஒவ்வோர் அலையிலும் உப்புக்கல் மின்னியது.

"இப்பதான் நிஜக் கடல் மாதிரி இருக்குது," என்று மெர்லின் விழுந்து விழுந்து சிரித்தாள். டோமினிக்குக்கு அழுகையே வந்துவிட்டது.

மாட்டிவைக்கலாம் என்று ஆணி அடித்தான். புதுச் சுவரின் பூச்சு பொத்தென்று விழுந்தது. வேறு வழியில்லாமல் படத்தைக் குட்டை பெஞ்சின் மேல் நிறுத்திச் சுவரில் சாய்த்தான். யாரும் கிட்டே போகாதபடி நாற்காலிகளை எதிர்ப்பக்கம் போட்டான்.

காலையில் சவரிமுத்து மனைவி அந்தோணிமேரியோடு வந்தார். புது வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார். படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வாய் மட்டும் திறக்கவில்லை.

ஃபாதர் ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்துவிட்டுப் போகும்வரை டோமினிக் படத்துக்குக் காவல் நின்றான்.

"காபி சாப்டுங்க மாமா. இந்தப் பக்கம் சேர் இருக்குது."

சவரிமுத்து காதில் வாங்கவே இல்லை. மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துவந்து படத்துக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"மாமா, அங்க வேணாம்..."

படத்தின் மேலேயே முதுகைச் சாய்த்துவிட்டார். நன்றாக அழுத்திச் சாய்ந்தார். காபி குடித்து முடிக்கிறவரை அசையவில்லை.

அவர் எழுந்தபோது அலை, நுரை, உப்பு எல்லாம் அவர் முதுகில் இருந்தன. பெஞ்சின் மேல் படம் வரைந்த கேன்வாஸ், வெறும் அழுக்குத் துணியாக மிச்சம். அவரிடம் அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. சவரிமுத்து முதுகில் கடலோடு தெருவில் இறங்கிப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

"போச்சு! இனிமே ஜென்மத்துக்கும் பேச மாட்டாரு," என்று டோமினிக் தலையில் கைவைத்தான்.

சாயங்காலம் அந்தோணிமேரி போன் செய்தாள்.

"மன்னிச்சிடுங்க அத்தை. சட்டையைக் குடுத்தனுப்புங்க, நானே தோச்சு..."

"தோய்க்கிறதா? தொடக்கூட விட மாட்டேன்றாரு மாப்ளே, நடுவீட்டுல ஆணி அடிச்சு மாட்டி வெச்சிருக்காரு! பெயின்ட் ஈரம் அவருக்குத் தெரியாதா? உங்ககிட்ட படத்தைக் கேக்க ரோசம், அதான் முதுகுல எடுத்துனு வந்துட்டாரு."