மூச்சு முட்டிய நண்டுகள்

நல்லது செய்கிறேன் என்று நான் கிளம்பினால் யாருக்காவது கேடு வந்துவிடும். அப்படிப் பலியானவற்றில் ஒரு வாளி நண்டும் உண்டு.

எண்பதுகளின் கடைசி. தன் அப்பாவின் சம்மதமில்லாமல்தான் செல்வி என்னைக் கட்டியிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த என் மாமனார், மகளை வீட்டுக்குள் விடுவார். ராஜபாளையத்திலிருந்து கூடவே போகும் என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் வாசலில் நின்று செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். (இன்றும் அந்த வீட்டுச் செருப்புகளை அடையாளம் சொல்வேன்.)

அந்த ஐப்பசியில் அவருக்கு நெஞ்சுச்சளி முற்றிவிட்டது. சோறு இறங்கவில்லை. "நண்டு ரசம் வச்சுத் தா தாயி" என்று செல்வியிடம் கேட்டாராம். உடனே என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. அதுதான் ஆபத்து. நான் பிடித்த நண்டு, அவர் தொண்டையில் ரசம், பிறகு என்னோடு பேச்சு!

பிளவக்கல் அணைப் பக்கம் போனேன். கூட்டாளி முருகேசன் ஓடைக்கரையில் வளைகளைக் காட்ட, கையை விட்டுக் கடி வாங்கி, ரசத்துக்குத் தேறும் அளவு பிடித்தேன். அவன் ஈரச் சாக்கில் போட்டுக் கட்டினான்.

"தண்ணிக்குள்ள போட்டுராதலே. சாக்கு காயாமத் தெளிச்சுக்கிட்டே போ. உசுரோட போகணும். செத்த நண்ட யாரும் அடுப்புல ஏத்த மாட்டாக."

வத்திராயிருப்பில் பஸ்ஸுக்கு நின்றபோது சாக்குக்குள் சரசரவென்று சத்தம். எனக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீரில் வாழும் ஜீவன், தண்ணீரில்லாமல் தவிக்கிறதே! மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்று வாங்கி, நண்டுகளைக் கொட்டி, விளிம்புவரை தண்ணீர் பிடித்து, சிந்தாதபடி மூடியை அழுத்தி அடைத்தேன். வழியில் டயர் வெடித்து பஸ் வெயிலில் கிடந்தது. மடியில் இருந்த வாளியில் சத்தம் மெல்ல அடங்கியது. தூங்குகின்றன என்று நினைத்தேன்.

அன்றுதான் அந்த வீட்டு வாசலைத் தாண்டினேன். கட்டிலருகே வாளியை வைத்துப் பெருமையாக மூடியைத் திறந்தேன். எல்லாம் மல்லாந்து கிடந்தன. ஒரு கால்கூட அசையவில்லை.

மாமனார் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்க்காமல் மகளிடம் சொன்னார்: "ஏட்டி, நண்டத் தண்ணிக்குள்ளயே மூச்சு முட்டிச் சாகவிட்ட ஆள இப்பத்தான் பாக்கேன்."

அடைத்த வாளித் தண்ணீரில் காற்று தீர்ந்துபோகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வாளியோடு வாசலுக்குத் திரும்பினேன். செருப்புகள் அங்கேயே இருந்தன.

மறுபடி நண்டு தேடிப் போக அவர் நேரம் தரவில்லை. இரண்டொரு நாளில் தண்ணீர்கூட இறங்காமல் போய், கார்த்திகை பிறந்ததும் போய்விட்டார். அந்த ரசம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. அது இன்னும் என் நெஞ்சில் கனக்கிறது.

துஷ்டி கேட்க வந்திருந்த பலசரக்குக் கடை பாய், அவருடைய பழைய சேக்காளி, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா அது? பாக்க வந்த அம்புட்டுப் பேருகிட்டயும் அந்தக் கதையத்தான் சொன்னாரு. 'எங்க மாப்ள தண்ணி ஊத்தியே நண்டக் கொன்னுட்டாருய்யா'ன்னு, இருமலோட இருமலாச் சிரிச்சாரு."

எங்க மாப்ள. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

இன்றும் நான் டிபன் பாக்ஸை அழுத்தி மூடினால், "செத்த நேரம் தொறந்து வைங்க, மூச்சு விடட்டும்" என்பாள் செல்வி. பிள்ளைகள் சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம். சிரித்து முடித்தபின் நான் மூடியைக் கொஞ்சம் திறந்து வைப்பேன்.